வாசலில் ஓர் ஆற்றங்கரை மரம்: ரிவர் பிர்ச் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட கரோலினாவில் புதிதாக வீடு வாங்கிய நண்பர் ஒருவர் முதல் கோடையிலேயே பதறிப்போய்க் கூப்பிட்டார். "அண்ணா, வாசல் மரத்துக்கு ஏதோ சீக்கு. பட்டையெல்லாம் உரிஞ்சு தொங்குது. வெட்டிடச் சொல்லவா?" போய்ப் பார்த்தால் நல்ல வளர்த்தியான ரிவர் பிர்ச். பட்டை உரிவதுதான் அந்த மரத்தின் அழகே. நம் ஊர் ஆற்றங்கரை மருதமும் கொல்லைக் கொய்யாவும் தோலுரிப்பதில்லையா, அதே கதைதான். என்ன, இது கொஞ்சம் ஆர்ப்பாட்டமாக, சுருள் சுருளாக உரியும். பிள்ளைகள் அதை இழுத்துப் பிய்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக விழட்டும்.

மினசோட்டாவிலிருந்து வட ஃப்ளோரிடா வரை, அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஆற்றோரங்களில் தானாக முளைக்கிற மரம் இது. பல பிர்ச் வகைகள் இலையுதிர்காலத்தில் விதை உதிர்க்க, இது மட்டும் வசந்தம் முடிகிற நேரத்தில் உதிர்க்கும். வெள்ளம் வடிந்து மணல் திட்டுகள் ஈரமாகக் கிடக்கும் சமயம் அது. இப்படிப் பிறந்த மரத்தைத்தான் புல்தரையின் நடுவில், காய்ந்த மேட்டில் கொண்டுபோய் வைக்கிறோம்.

நர்சரியில் பார்க்கும்போது ஆறடிச் செடி, ஒரே தொட்டியில் மூன்று தண்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். (அந்த மூன்றும் பெரும்பாலும் சேர்த்து நட்ட மூன்று தனிக் கன்றுகள்.) ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்குமே என்று சுவரிலிருந்து எட்டடியில் நட்டுவிடுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு அடியாவது வளர்ந்து, கடைசியில் 40 முதல் 70 அடி வரை போகும். கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பக்கவாட்டிலும் விரியும். சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீடென்றால், அதன் கழிவுநீர் மண்ணில் இறங்குகிற வடிகால் நிலத்தின் பக்கமே போக வேண்டாம். நல்ல குழாயை வேர் துளைத்துவிடாது. ஆனால் விரிசல் விட்ட குழாயில் ஈரம் கண்டால் சும்மா விடாது. குழி வெட்டும் முன் சில நாள் முன்னதாகவே 811-க்குப் போன் செய்தால், கேஸ், மின்சார லைன்கள் போகிற இடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். இடம் சின்னதா? 10, 12 அடியோடு நிற்கிற 'லிட்டில் கிங்' ரகத்தைக் கேளுங்கள்.

அடுத்தது மண். இதற்குப் புளிப்பான மண் வேண்டும், மண்ணின் புளிப்பு-கார அளவான பிஹெச் 6.5-ஐத் தாண்டினால் சோர்ந்துபோகும். கரோலினாவின் செம்மண் இயல்பாகவே புளிப்பு, அதனால் அங்கே பிரச்சினை குறைவு. டெக்சஸில் ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு என்றால் கதை வேறு. அங்கே சுண்ணாம்பு கலந்த கரிசல் மண். இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மரத்துக்கு இரும்பு கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது. பார்த்தவுடன் பசி என்று நினைத்துப் புல்தரை உரத்தை அள்ளிப் போடுவார்கள். எப்சம் உப்பு போடுவார்கள். அதில் இருப்பது மெக்னீசியம், இரும்பு அல்ல. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பவர்களும் உண்டு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத்தில் அது வேருக்குக் கிடைக்காத வடிவில் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஆணியின் துருவுக்கும் அதே கதிதான். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் (உள்ளூர் வேளாண் ஆலோசனை மையம்) வழி சொல்வார்கள். கொஞ்சம் காரம் என்றால் கந்தகம் போட்டு மெல்ல இறக்கலாம், வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கிற கீலேட் இரும்பு கொடுக்கலாம். மண் முழுக்கச் சுண்ணாம்பு என்றால் வேறு மரம் பாருங்கள். வருஷா வருஷம் மருந்து ஊற்றி மரம் வளர்ப்பது என்ன சுகம்? செம்மண்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புல்லுக்கென்று தூவுகிற சுண்ணாம்பு இந்த மரத்தடிக்கு வரக் கூடாது.

ஜூலை, ஆகஸ்டில் உள்பக்க இலைகள் மஞ்சளாகிக் கொட்டினால் அது வேறு விஷயம். மரம் தாகத்தில் இருக்கிறது. புல்லுக்கு அடிக்கிற ஸ்பிரிங்க்ளர் மேல் மண்ணை நனைப்பதோடு சரி. நட்ட முதல் இரண்டு வருஷம், மழை இல்லாத வாரங்களில் ஹோஸை மெல்லிசாகத் திறந்து அடியில் போட்டுவிடுங்கள். ஒரு அடி ஆழம் ஊற வேண்டும். மரத்தடியில் பரப்புகிற மல்ச் (மரத்தூள், பட்டை மூடாக்கு) மூன்று அங்குலம் போதும். தண்டைச் சுற்றி எரிமலை மாதிரி குவிப்பதை அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் காப்பியடிக்காதீர்கள், தண்டு அழுகும்.

குளிர்காலக் கடைசியில் வெட்டினால் சாறு குழாய் திறந்த மாதிரி வடியும். மரம் சாகாது, பார்க்கிறவருக்குத்தான் வயிறு கலங்கும். இலை முழுதாக விரிந்தபின், கோடையில் கவாத்து செய்யுங்கள்.

வெள்ளைப் பட்டைதான் வேண்டும் என்று ஐரோப்பிய வெள்ளை பிர்ச்சை வாங்கித் தென் மாநிலங்களில் நடுவது இன்னொரு தவறு. வெயிலில் வாடிய அந்த மரத்தைத் துளைப்பான் வண்டு தேடி வந்து சில வருஷத்தில் முடித்துவிடும். ரிவர் பிர்ச் அந்த வண்டுக்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

அப்புறம், குச்சி. காற்றடித்த ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னக் குச்சியாகக் கொட்டும். நண்பர் மரத்தை வெட்டவில்லை. ஆனால் சனிக்கிழமை புல் வெட்டும் முன் ஒரு வாளி குச்சி பொறுக்குவது அவர் பையனின் வேலையாகிவிட்டது. காரையும் மரத்தடியிலிருந்து தள்ளி நிறுத்துகிறார்.