கூண்டு வேண்டாம், முதலில் ஒரு பாத்ரூம் போதும்

பெங்களூர் அல்சூரில் இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு, மீட்டுக் கொண்டுவரும் பூனைகளை இங்கேதான் தத்துப் போகும்வரை கூண்டில்லாமல் வைத்திருக்கிறேன். கூண்டு இல்லை என்றால் கதவைத் திறந்து வீடு முழுக்க விட்டுவிடுவது என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். வந்த பூனை நேராகப் போய் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கி, இரண்டு நாள் வெளியே வரவே இல்லை.

அதனால் முதல் இரண்டு வாரம் பாத்ரூம். உள்ளே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, பழைய லுங்கியை விரியுங்கள், பூனைக்கு ஒளிய இடம் இருந்தால்தான் தைரியம் வரும். சாப்பாடு ஒரு மூலை, பூனை கக்கா, மூத்திரம் போக மண் நிரப்பிய தட்டு எதிர் மூலை. பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, குட்டி விழுந்தால் அவ்வளவுதான்.

தனியாக வைக்க இன்னொரு காரணம் பூனைகளுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் தொற்று. தொற்றிய பூனை சில நாள் நன்றாகவே ஓடியாடும், கிருமியோ வீட்டுக்குள் ஒரு வருடம்கூடக் கிடக்கும். பாத்ரூமைச் சுத்தம் செய்ய ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். டெட்டால், பினாயில் இரண்டும் பூனைக்கு விஷம், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

பழக்குவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து போனை நோண்டுங்கள், பூனையைப் பார்க்கவே வேண்டாம். ஒரு செம்பட்டைப் பூனை ஐந்தாம் நாள் பெட்டிக்குள்ளிருந்து ஒரே ஒரு கையை மட்டும் நீட்டி என் கால்விரலைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டது, அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க எதையும் தின்னவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், பட்டினியில் பூனைக்குக் கல்லீரல் கெடும்.

அப்புறம் பால்கனி. பெங்களூரில் பாதி வீடுகளில் புறாவுக்காக நைலான் வலை கட்டியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள், என் வீட்டில் ஒரே ராத்திரியில் பூனை கடித்து ஓட்டை போட்டுவிட்டது. கம்பி வலைதான் சரி.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதுப் பூனை படுத்த துண்டைப் பழைய பூனையிடமும் பழையது படுத்த துண்டைப் புதிதிடமும் போட்டு முதலில் வாசனை பழகட்டும். மண் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். நாலு மாதத்திலேயே சினைப்பிடிக்கலாம் என்பதால் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தத்துக் கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது அவர்கள் பால்கனியின் போட்டோ.