முழங்கால் மாற்றியபின் ரோபோ கருவி: எங்கே தவறுகிறோம்?

பெங்களூரு அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், "அம்மாவுக்கு அந்த ரோபோ கருவியை மாட்டிவிடலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ரோபோ உதவியுடன் செய்யும் அறுவையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அறுவை அரங்கில் எலும்பைச் செதுக்க உதவும் இயந்திரம். இது காலில் மாட்டி நடக்கும் மோட்டார் கருவி. பெரும்பாலானோர் வாக்கரும் உடற்பயிற்சியுமாகவே தேறிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய தவறு, நடையைக் கருவியிடமே ஒப்படைத்துவிடுவது. அறுவைக்குப் பின் வலியும் வீக்கமும் முன்தொடைத் தசையை முடக்கிவைக்கும். மோட்டார் காலை இழுத்துச் செல்லும்போது நடை வந்துவிட்டதாகவே தோன்றும். தசையோ சும்மா இருக்கும். கருவியைக் கழற்றி, மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி தூக்கச் சொல்லிப் பாருங்கள். முட்டி மடங்கித் தொங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை. தேறத் தேற, கருவி தரும் உதவியைப் பிசியோதெரபிஸ்ட் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதே வீட்டில் எல்லோர் கவலையும். சமதளத்தில் நடக்கச் சுமார் 60 டிகிரி போதும். கால் முழுதாக நீளாவிட்டால்தான் நொண்டல் நிலைத்துவிடும். சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கடியில் தலையணை வைப்பது அதற்கு வழிவகுக்கும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

மாட்டும் விதமும் முக்கியம். கருவியின் கீல் முழங்கால் மடங்கும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். நைட்டி, வேட்டியின் மேல் பட்டையைக் கட்டினால் துணி சுருண்டு, கருவி நழுவி, ஆறாத தழும்பை உராயும். ஜப்பானின் 'ஹால்' போன்ற கருவிகள் தோலில் ஒட்டும் மின்முனைகள் வழியாகத் தசையின் சமிக்ஞையைப் படிப்பவை. காலையில் தைலம் தேய்த்துக்கொண்டு போனால் மின்முனை சரியாக ஒட்டாது. பழி கருவிமேல் விழும்.

கெண்டைக்கால் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் கருவியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

வாடகைக்கு எடுப்பவர்கள், அளவு பார்த்து மாட்டிவிட யார் வருவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்; கல் பெயர்ந்த நடைபாதையில் வேண்டாம்.