பழைய அமெரிக்க ஜட்ஜ் ஒருத்தரோட சர்வீஸைத் தோண்டி எடுக்கறது எப்படி

வேலந்தாவளத்துல இருந்து தினம் பஸ் புடிச்சு கோயம்புத்தூர் போய் லா படிக்கற எங்க அக்கா பொண்ணுக்கு செமினார், அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு கோர்ட்டு) ஜட்ஜ் கென்னசா மவுண்டன் லேண்டிஸ் பத்தி. மாமா நான் பாத்துத் தர்றேன்னு உக்காந்து நல்லா ஒரு தப்பு பண்ணேன், நீங்க பண்ணிராதீங்க.

மொதல்ல பேரு. அமெரிக்க சிவில் வார்ல, அதாவது உள்நாட்டுச் சண்டைல, அவங்கப்பாவுக்கு அடிபட்ட ஜார்ஜியா மலையோட பேரைத்தான் புள்ளைக்கு வெச்சிருக்காரு, ஆனா இங்கிலீஷ்ல இப்ப மலைக்கு ரெண்டு என், இவருக்கு ஒத்தை என், அப்படியே டைப் பண்ணித் தேடுங்க.

அப்புறம் ஃபெடரல் ஜுடீஷியல் சென்டர்னு அந்த ஃபெடரல் கோர்ட்டுங்களோட ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அவங்க ஜட்ஜ் டைரக்டரிக்குப் போங்க. எந்த பிரசிடென்ட் போட்டாரு, செனட் எப்ப ஓகே சொல்லுச்சு, சர்வீஸ் எதனால முடிஞ்சுது எல்லாம் இருக்கும். இவரை 1905ல தியோடர் ரூஸ்வெல்ட் போட்டாரு, இல்லினாய் வடக்கு டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டு, 1922ல ராஜினாமா. அங்க நம்ம முன்சீஃப் மாதிரி பரீட்சையும் கெடையாது ரிட்டயர்மென்ட் வயசும் கெடையாது, அதனால ராஜினாமான்னு பாத்தா ஏன்னு நோண்டணும்.

அடுத்து அவரு குடுத்த பெரிய தீர்ப்பு, இங்கதான் நான் வழுக்குனேன். இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி ரயில்வேல திருட்டுத்தனமா சரக்குக் கூலியைக் கொறைச்சு வாங்குச்சுன்னு கேஸ், 1907ல தீர்ப்பு. 1,462 குத்தம், ஒண்ணொண்ணுக்கும் 20,000 டாலர் அபராதம், ஃபோன்ல பெருக்கிப் பாத்தேன், 2,92,40,000 டாலர். அடேயப்பான்னு சார்ட்ல கொட்டை எழுத்துல எழுதியாச்சு. ராத்திரி படுக்கறப்ப பாத்தா 1908லயே அப்பீல் கோர்ட்டு அதைத் தூக்கிருச்சு, கம்பெனி அந்த அபராதத்துல ஒரு காசு கட்டலை! தீர்ப்பைப் பாத்தா கையோட அப்பீலையும் பாத்துருங்க.

கடைசியா, ராஜினாமா ஏன். 1919 பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ்ல (அங்கத்த ஃபைனல்) பிளேயருங்க காசு வாங்கிட்டுத் தோத்தாங்கன்னு நாறுனதும், டீம் ஓனருங்க 1920ல இவரைக் கமிஷனரா, அதாவது பேஸ்பாலுக்கே தலைவரா, கூப்பிட்டாங்க. ஜட்ஜ் சம்பளம் வருஷத்துக்கு 7,500 டாலர், பேஸ்பால்ல 42,500, மனுஷன் ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கிட்டாரு. வக்கீல் சங்கமே கண்டிச்சுது, அப்பறந்தான் கோர்ட்டை விட்டாரு. 1921ல அந்தச் சூதாட்டக் கேஸ்ல ஜூரி விடுதலை பண்ண பிளேயருங்களையும் சேத்து எட்டுப் பேரை வாழ்நாளுக்கும் ஆட விடல, எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் படுது.

மறுநா காலைல புது சார்ட் வாங்கிட்டு வந்தேன். அவ அபராதத்தை ஓரமா சின்னதா எழுதிட்டு, நடுவுல அந்த ரெண்டு சம்பளத்தையும் சிவப்பு ஸ்கெட்ச்ல போட்டிருந்தா.