வீட்டுக்கு டபிள்யூ.பி.சி. வேலி: பலகை வாங்குவதிலிருந்து கம்பம் நட்டு முடிக்கும் வரை

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் பல வருடங்களாகச் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும்தான் வேலி. கீற்றை வருடா வருடம் மாற்ற வேண்டும், கம்பின் அடியைக் கரையான் தின்றுவிடும். போன கோடையில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு டபிள்யூ.பி.சி. பலகையில் வேலி போட்டோம். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து உருக்கி, அச்சு வழியாகத் தள்ளிச் செய்யும் பலகை அது. 24 அடி நீளம், 5 அடி உயரம். நானும் தம்பியும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து முடித்தோம். முதல்முறை செய்பவர்களுக்குத் தேவையானதை எழுதுகிறேன்.

பலகையின் வெட்டு முகத்தைப் பாருங்கள்

கடையில் டபிள்யூ.பி.சி. என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்களைக் காட்டுவார்கள். சமையலறை அலமாரிக்கும் கதவு நிலைக்கும் போகும் பி.வி.சி. பலகை ஒன்று. அது வெளிறிய நிறத்தில், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். வெட்டிய இடத்தில் ரஸ்க் போலப் பொடிப்பொடித் துளைகள் தெரியும். வெயிலில் நிற்கும் வேலிக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் கலந்த, வெளிப்புறத்துக்கென்றே வரும் பலகை. நல்ல கனமாக இருக்கும், வெட்டு முகத்தில் மரத்தூள் சொரசொரப்பாகத் தெரியும்.

அதிலும் இரண்டு ரகம் உண்டு. சில பலகைகளைச் சுற்றி அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருக்கும். வெட்டு முகத்தில் வேறு நிறக் கோடாக அது தெரியும். விலை கூடுதல்தான், ஆனால் நிறம் சீக்கிரம் வெளுக்காது, கறை இறங்காது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கமாக இருந்தால் தோல் உள்ளதையே வாங்குங்கள். கறுப்பும் அடர் பழுப்பும் பார்க்க அழகுதான், ஆனால் வெயிலில் அதிகம் சூடாகி அதிகம் நீளும். வெளிர் பழுப்போ சாம்பலோ நம் ஊருக்குப் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் ஒரு துண்டு மாதிரி கேளுங்கள். இரண்டு நாள் பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, ஓரம் உப்புகிறதா என்று பாருங்கள். உப்பினால் அந்தச் சரக்கு வேண்டாம்.

கம்பத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமே நல்லது. கடற்கரைப் பக்கம் என்றால் திருகாணி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரணத் திருகாணி உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும்.

உயரம், காற்று, குழி

ஆறடி வேலிதான் மறைப்பாக இருக்கும் என்று எனக்கும் ஆசை இருந்தது. கணக்குப் போட்டதும் 5 அடியில் நிறுத்திவிட்டேன். பலகை வேலி காற்றைக் கீற்று போல வடியவிடாது, முழுதாகத் தாங்கும். இரண்டு கம்பத்துக்கு நடுவே வரும் பகுதிதான் பேனல். 6 அடி அகலம், 5 அடி உயரம் உள்ள ஒரு பேனல் மீது 100 கி.மீ. வேகக் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 130 கிலோ எடை தள்ளுவது போல இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அந்த வேகத்தையும் தாண்டி அடித்தது. அதனால் பலகையைவிடக் குழிக்குத்தான் அதிகக் கவனம் தேவை.

முதலில் சர்வே கல்லைப் பார்த்து எல்லையை உறுதி செய்யுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கரண்ட் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் இரு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டுங்கள்.

நான்கு பேனலுக்கு ஐந்து கம்பம். கம்பம் 8 அடி, அதில் இரண்டரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். குழியின் வாய் ஓரடிக்கு ஓரடி. கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும், அங்கே இன்னும் ஓரடி ஆழம் போங்கள், அதற்கேற்ப நீளமான கம்பமாகக் கேட்டு வாங்குங்கள். குழியின் அடியில் நாலு இன்ச் உயரத்துக்கு ஜல்லி கொட்டிக் கடப்பாரையின் மொட்டை முனையால் இடியுங்கள்.

ஒரு பாண்டு சிமெண்ட், இரண்டு பாண்டு எம்-சாண்ட், நாலு பாண்டு முக்கால் இன்ச் ஜல்லி. இதுதான் கலவை. எங்கள் ஐந்து குழிக்கு இரண்டு மூட்டை சிமெண்ட் பிடித்தது.

கம்பத்தை நிறுத்தும்போது ரசமட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். "ரெண்டு பக்கமும் பாருங்க சார், ஒரு பக்கம் நேரா இருந்தா இன்னொரு பக்கம் ஏமாத்தும்" என்றார் கொத்தனார். இரண்டாவது கம்பத்தில் அதுதான் நடந்தது. தெருவிலிருந்து பார்த்தால் நேராக நின்றது, பக்கவாட்டில் ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. கலவை இறுகுவதற்குள் நிமிர்த்தினோம். இரண்டு கம்பத்துக்கு நடுவே உள்ள இடைவெளியையும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளந்துவிடுங்கள். கலவையின் மேற்பரப்பைக் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசினால் தண்ணீர் தேங்காது.

இரண்டு நாள் முட்டுக்கொடுத்து வையுங்கள். ஈரச் சாக்கு சுற்றி ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். அதற்கு முன்னால் பலகையைத் தொட வேண்டாம்.

பலகை இறக்குவது

கம்பத்தின் பக்கவாட்டில் உள்ள நீளப் பள்ளமான காடியில் பலகையை மேலிருந்து இறக்குவதுதான் வேலை, சுலபம். முதலில் கீழ்ச் சட்டம். அது தரையிலிருந்து இரண்டு இன்ச் மேலே இருக்கட்டும், மண்ணும் ஈரமும் ஒட்டாது. பிறகு ஒன்றின் பள்ளத்தில் ஒன்றாகப் பலகைகளை அடுக்கி, மேல்சட்டம் வைத்துத் திருகாணி போட்டு, கம்பத்துக்கு மூடி மாட்டுங்கள்.

நான் தவறு செய்தது நீளத்தில். முதல் பேனலைக் காலை ஏழு மணிக்கு, இடுக்கே இல்லாமல் இறுக்கமாக வெட்டிப் போட்டேன். பார்க்க அவ்வளவு கச்சிதமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு நடுப் பலகைகள் வில் போல வெளியே வளைந்து நின்றன. ஆறடிப் பலகை நம் வெயிலில் 3 மில்லிமீட்டர் வரை நீளும். அத்தனையையும் கழற்றி மறுபடி வெட்டினேன். நீங்கள் காடிக்குள் இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், அந்த இடுக்கு வெளியே தெரியாது. வெட்டுவதற்குக் கார்பைடு பல் வைத்த பிளேடு போதும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், தூள் மிக மெல்லியது.

முதல் மழை

தோல் இல்லாத பலகை என்றால் முதல் மழையில் அதிலிருந்து டீத்தண்ணீர் போலப் பழுப்பு நீர் வடியும். மரத்தூளில் உள்ள துவர்ப்புச் சாயம்தான் அது. பயப்பட வேண்டாம், போகப் போகக் குறைந்து நின்றுவிடும். ஆனால் கீழே வெள்ளை டைல்ஸோ சுண்ணாம்படித்த சுவரோ இருந்தால் கறை பிடித்துக்கொள்ளும். வேலி போட்ட கையோடு ஹோஸ் பைப்பால் பலகைகளை நாலைந்து முறை நன்றாகக் கழுவி, வடியும் தண்ணீரை மண் பக்கம் தள்ளிவிடுங்கள்.