ஜெனரேட்டர் இருந்தும் இருண்ட விமான நிலையங்கள்

மொட்டை மாடியில் சோலார் போட்ட வீட்டிலும் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். மின்கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று கிரிட்டோடு, அதாவது பொது மின்கட்டமைப்போடு, இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். விமான நிலையத்திலும் இதே கதைதான். கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது. பகலில் மிஞ்சுவதைக் கிரிட்டுக்குக் கொடுத்து, ராத்திரி திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. அருமையான வேலை, ஆனால் அதையே அவசர மின்சாரம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கிரிட் இல்லாமலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோ வேறு ஜெனரேட்டரோ கூட வேண்டும், கிரிட்டிலிருந்து பிரிந்து நிற்கவும் தெரிய வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் 2021-இல் எரிவாயு ஜெனரேட்டர்களையும் சோலாரையும் சேர்த்து மைக்ரோகிரிட், அதாவது தனித்தும் ஓடக்கூடிய சொந்தக் குட்டி மின்கட்டமைப்பு, அமைத்தார்கள். அங்கே கிரிட்தான் ஸ்டாண்ட்பை!

அடுத்தது, மாற்று வழியையும் ஒரே இடத்தில் வைப்பது. 2017 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் நிலத்தடிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. முதன்மைக் கேபிளும் மாற்றுக் கேபிளும் அதே சுரங்கத்தில். சுமார் 11 மணி நேரம் இருட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து.

2025 மார்ச்சில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது வேறு. அதற்கு மின்சாரம் தரும் மூன்று துணை மின் நிலையங்களில் ஒன்றுதான் எரிந்தது, ஜெனரேட்டர்களும் சரியாகவே ஓடின. ஆனால் அவை விமானத்தைப் பத்திரமாக இறக்கப் போதுமானவை, விமான நிலையம் முழுவதையும் ஓட்ட அல்ல. மற்ற இரண்டு துணை மின் நிலையங்களுக்கு லோடை மாற்றிக் கணினிகளை எழுப்பவே பல மணி நேரம் போனது. ஏறக்குறைய நாள் முழுக்க மூடல்.

நொடிக் கணக்கையும் பார்க்க வேண்டும். கடும் பனிமூட்டத்தில் விமானம் இறங்கும்போது ஓடுபாதை மையக்கோட்டு விளக்குகள் ஒரு நொடிக்குள் மீள வேண்டும் என்கிறது சர்வதேச விதி. எந்த டீசல் இன்ஜினும் அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. அதனால் பனி நேரத்தில் முன்கூட்டியே ஜெனரேட்டரை ஓட்டி வைப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் பேட்டரி வைத்தால் டீசல் மிச்சம்.

அப்புறம், பராமரிப்பு. லோடு இல்லாமல் மாதாமாதம் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து டிக் போடுவது ஒரு வழக்கம். இன்ஜின் சூடேறாமல், எரியாத டீசல் கரியோடு சேர்ந்து புகைக்குழாய் இணைப்பில் கறுப்பாக வழியும். லோடு பேங்க், அதாவது செயற்கையாக லோடு கொடுக்கும் கருவி, வைத்துச் சோதிப்பதே சரி. சூழலுக்கு நல்லது என்று பயோடீசலை நிரப்பி மறந்துவிடுவதும் வம்பு. அது ஈரத்தை இழுக்கும். டாங்க் அடியில் நுண்ணுயிர் வளர்ந்து, ஃபில்டரில் வழவழவென்று அடைக்கும். மாதக்கணக்கில் கிடக்கும் டாங்கிற்கு, ஹைட்ரஜன் ஏற்றித் தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் டீசல்தான் தாங்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஜெனரேட்டர் கிளம்பவில்லையா? ஸ்டார்ட்டர் பேட்டரியைப் பாருங்கள்.