கூட்டாய்வு: தொடங்கும்போதே பேசாமல் விடுபவை

இலக்கியம், வரலாறு, மொழி போன்ற துறைகளில் ஆய்வு என்றாலே தனியாக உட்கார்ந்து எழுதுவதுதான். ஆய்வேட்டின் அட்டையில் ஒரே ஒரு பெயர் இருக்கும். அப்படியே பழகிய ஒருவர், நாலைந்து ஆய்வாளர்களையும் ஒரு சமூகத்தையும் சேர்த்துக்கொண்டு ஆவணத் திட்டம் தொடங்கும்போது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. கூட்டுத் திட்டங்களில் வரும் பெரும்பாலான தகராறுகளுக்கு இதுதான் வேர் என்பேன்.

எல்லாவற்றிலும் மோசமானது பெயர் விவகாரம். "வேலை முடியட்டும், யார் பெயர் எங்கே என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். வேலை முடியும்போது தட்டச்சு செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், நேர்காணல் எடுத்த மாணவர் படிப்பையே முடித்திருப்பார். இது இன்று வந்த வியாதியும் அல்ல. கணினியைக் கொண்டு இலக்கியம், வரலாறு, மொழி போன்றவற்றை ஆராயும் கணினி வழி மானுடப்புல ஆய்வின் முன்னோடி என்று கொண்டாடப்படும் இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ புசா, 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடி, இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல், தயாரிக்க இறங்கினார். அச்சில் 56 தொகுதிகளாக விரிந்த அந்த வேலைக்குத் அக்காலக் கணிப்பொறிகள் படிக்கும் துளை அட்டைகளில் சொற்களைப் பதித்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். புசாவின் பெயர் ஒரு விருதின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்தப் பெண்கள் யார் யார் என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு தேட வேண்டியிருந்தது.

எனவே முதல் கூட்டத்திலேயே யார் என்ன செய்கிறார், அதற்கு எந்த இடத்தில் பெயர் என்று எழுதி வையுங்கள். ஆய்விதழ்கள் பயன்படுத்தும் 'கிரெடிட்' (CRediT) என்ற பங்களிப்புப் பட்டியல் 14 வகை வேலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. அதை அப்படியே எடுத்தாள்வதும் சரிவராது. அறிவியல் ஆய்வை மனத்தில் வைத்து உருவானதால் மொழிபெயர்ப்பு, படியெடுத்தல் (கையெழுத்தையோ ஒலிப்பதிவையோ பார்த்துக் கேட்டு எழுதுதல்), நேர்காணல் ஆகியவற்றுக்கு அதில் தனி வகை இல்லை. நம் துறையின் முதுகெலும்பே அவைதான். நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, சமூகத்தைத் தகவல் சுரங்கமாக மட்டும் பார்ப்பது. நிதி விண்ணப்பம் ஒப்புதலாகி, கேள்விப் பட்டியலும் தயாரான பிறகு மக்களிடம் போய் "உங்கள் பங்கேற்பு தேவை" என்றால் அவர்கள் முடிவு செய்ய என்ன மிச்சமிருக்கிறது? ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாவற்றையும் இணையத்தில் திறந்துவிடலாம் என்ற நினைப்பும் ஆபத்தானது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளான வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான 'முக்குர்ட்டு' என்ற ஆவண மென்பொருள் வேறு வழியில் போனது. எந்தப் படத்தை, எந்தப் பாட்டை, யார் பார்க்கலாம், கேட்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் மரபே தீர்மானிக்கும்படி அதை வடிவமைத்தார்கள். எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற ஆய்வுலகக் கொள்கை அங்கே செல்லாது. செல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தன்னார்வலர் எண்ணிக்கையில் மயங்குவது இன்னொன்று. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி 2010இல் தத்துவவாதி ஜெரமி பெந்தமின் கையெழுத்துப் படிகளைப் பொதுமக்களைக் கொண்டு படியெடுக்கத் தொடங்கியது. பதிவு செய்தவர்கள் ஏராளம், ஆனால் வேலையின் பெரும்பகுதியைச் செய்தது ஒரு சிறு குழு. இத்தகைய திட்டங்களில் இது வழக்கம்தான். விளம்பரத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அந்தச் சிலரின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதச் செலவிடலாம்.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குழுவில் கணினி அதிகம் பழகாதவருக்கும் கையாள வருவதே நல்ல கருவி.

கடைசியாக, முடிவைத் திட்டமிடாதது. நிதி நின்றதும் சர்வர் கட்டணம் நிற்கும்; யாரும் புதுப்பிக்காத தரவுத்தளம் ஒருநாள் திறக்காது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய 'எண்டிங்ஸ்' திட்டம் இதற்கென்றே நெறிகள் வகுத்தது: வெளியிடும் இணையதளம் தரவுத்தளத்தை நம்பாத எளிய நிலைப் பக்கங்களாக, அதாவது முன்கூட்டியே எழுதி வைத்த கோப்புகளாக, இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் முழுத் தளத்தையும் ஒரு கோப்புறையாகச் சுருட்டி நூலகத்துக்கு ஒரு பிரதி, நேர்காணல் தந்த குடும்பங்களுக்கு ஒரு பிரதி என்று கொடுத்துவிடலாம். யாருக்கு எந்தப் பிரதி, எந்த ஆண்டில் என்பதையும் அந்த முதல் கூட்டத்தின் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.