துருவுக்குப் பழம்புளி
கும்பகோணத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய துருப்பிடித்த உளியையோ குறட்டையோ கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு மூழ்க வையுங்கள். காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். குழம்புக்கு ஆகாத பழம்புளியே போதும், புதுப்புளி வீண்.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. அடியிலுள்ள இரும்பை அவ்வளவு வேகமாகத் தின்பதில்லை. அதற்காக நாள்கணக்கில் ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள், கூர்முனையும் அரிக்கும். எடுத்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அடுப்பருகே நன்றாக உலர்த்தி, சூட்டோடு எண்ணெய் பூசுங்கள். டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் வெறும் இரும்பு மாலைக்குள் மறுபடி சிவந்துவிடும்.

மரப்பிடி நனையக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள பொருளுக்கு இது ஆகாது, பூச்சே போய்விடும். வெட்டுமுனையில் ஆழமாகக் குழி விழுந்த உளியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.